பிஸ்கட் டின்னில் என் முகம்

காலை ஆறு ஐம்பது. லிஃப்ட் கதவு திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது மூலையில் தேங்கிக் கிடந்த மூத்திரமும் அதன் மேல் யாரோ விரித்திருந்த செய்தித்தாளும். தாள் எங்களுடையது. நான் வேலை பார்த்த தமிழ்ப் பத்திரிகையின் முந்தின நாள் இதழ், மரண அறிவிப்புகள் வரும் பக்கம். ஈரம் மூன்று பத்திகளில் ஊறி நான்காவதைத் தொட்டிருந்தது. நான்காவது பத்தியில் ஒரு வயதான பெண்ணின் படம். படத்துக்குக் கீழே வயதை இரண்டு தடவை அச்சடித்திருந்தோம். முந்தின நாள் அந்தப் பக்கத்தைச் சரிபார்த்து அனுப்பியவன் நான்தான்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறினேன். ஐந்தாம் மாடியிலிருந்து தரைக்கு இருபத்திரண்டு விநாடி. இருமல் தொடங்கியதிலிருந்து தினமும் அந்த இருபத்திரண்டு விநாடியும் மூச்சைப் பிடிக்க முடிகிறதா என்று என்னை நானே சோதித்து வந்தேன். அன்று பதினாறாவது விநாடியில் இருமல் வந்துவிட்டது. இருமினால் அடுத்து மூச்சை இழுத்துத்தான் ஆக வேண்டும். இழுத்தேன். அந்த வாடை மதியம்வரை தொண்டையில் இருந்தது.

எண்பதுகள் பிறந்து ஓரிரு ஆண்டுகள் ஆகியிருந்தன. எனக்கு நாற்பத்தாறு வயது. மூன்று மாதமாக இருமல், இரண்டு முறை சளியில் நூல் போல ரத்தம். நெஞ்சு எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பக்கம் ஐம்பது காசு அளவில் ஒரு நிழல் விழுந்திருந்தது. சளியை இரண்டு தடவை சோதித்ததில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது தடவை எடுத்ததை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்க்க வைத்திருந்தார்கள். அதற்கு ஆறு வாரம்வரை ஆகலாமாம். இருபத்தைந்து ஆண்டுகளாக நான் ஊதித் தள்ளிய சிகரெட்டைப் பற்றிக் கேட்டறிந்த டாக்டர், அதுவரை காத்திருக்க வேண்டாம், ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார். புற்றுநோய் என்று ஒரே ஒரு முறைதான் சொன்னார், அதுவும் பேனாவை மூடிக்கொண்டே.

அந்த ஸ்கேன் இயந்திரம் சிங்கப்பூருக்கு வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. திங்கட்கிழமை என்னை அதற்குள் தள்ளி எடுத்தார்கள். படங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டிய நிபுணர் வெளிநாடு போயிருந்ததால் அடுத்த வாரம் புதன்கிழமை வரச் சொன்னார்கள். லிஃப்டில் அந்தத் தாளைப் பார்த்தது செவ்வாய்க்கிழமை, ஒன்பது நாள் காத்திருப்பின் முதல் நாள்.

பயம் எனக்குப் பயமாக வரவில்லை, குமட்டலாக வந்தது. இருபது ஆண்டுகளாக நடந்த சிராங்கூன் ரோட்டில் அன்று காலை நடக்க முடியவில்லை. சந்தையிலிருந்து வழிந்த தண்ணீரில் மீன் செதில்கள் மினுங்கின. பூக்கடை வாசலில் முந்தின நாள் மாலைகளைக் குவித்து வைத்திருந்தார்கள். அடியில் இருந்தவை பழுப்பேறிக் கசிந்துகொண்டிருந்தன. ரோச்சோர் கால்வாய்ப் பக்கமிருந்து காற்று அடிக்கும்போதெல்லாம் ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பிறகு தொடர்ந்தார்கள். நகைக்கடைக் காவலாளி சாவியால் காது குடைந்து, சாவியின் நுனியைப் பார்த்து, கால்சட்டையில் துடைத்து, அதே சாவியால் கதவைத் திறந்தான். இவை எல்லாம் தினமும் நடந்தவைதான்.

நான் செய்தி எழுதப் பழகியவன். எது தாங்க முடியவில்லையோ அதைக் குறிப்பேட்டில் எழுதினால் கொஞ்சம் அடங்கும். அன்றிலிருந்து அருவருப்பானவற்றை நேரம் போட்டு எழுதத் தொடங்கினேன். ஏழு பத்து, காவலாளி, சாவி. ஏழு இருபது, காப்பிக் கடைக் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பில் உதட்டுச் சாயம். எட்டு மணி, பேருந்தில் முன்னால் நின்றவரின் சட்டைக் காலரில் பொடுகு. புதன்கிழமை இரவு திருப்பிப் படித்தபோது, அதில் என் சளியைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்பதைக் கவனித்தேன்.

விஷயத்தை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். அவள் தன் அண்ணனுக்கு மட்டும் சொன்னாள். என் மச்சான் துறைமுகத்தில் கிளார்க், எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் பூசைக்கு முன்னால் செபமாலை சொல்பவர். அவர் செபமாலை முடிந்ததும் பெயர் சொல்லாமல் எனக்காக ஒரு வேண்டுதல் வைத்தார். 'பத்திரிகையில் வேலை பார்க்கும் நம் சகோதரர் ஒருவர்' என்று சொன்னாராம். எங்கள் கோயிலில் பத்திரிகையில் வேலை பார்த்தது நான் ஒருவன்தான்.

புதன்கிழமை மாலையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஓட்ஸ் டின்னும் திராட்சையும் கொண்டுவந்தார்கள். சோபாவின் நுனியில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்காமல் கழுத்தைப் பார்த்தார்கள், இளைத்திருக்கிறதா என்று. 'அந்த வியாதி' என்றார்கள். பெண்கள் என் மனைவியைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், யார் யாருக்கு வந்தது, எத்தனை மாதம் இருந்தார்கள் என்று சொன்னார்கள். எங்கள் வீட்டுச் சமையலறையில் பேசுவது கூடத்தில் நன்றாகவே கேட்கும். ஒருவர் என் கையைத் தன் இரு கைகளாலும் பிடித்து வெகுநேரம் விடவில்லை. அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது. அவர் போனதும் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.

மச்சான் தினமும் ஏழு மணிக்கு வந்தார். காப்பியில் பிஸ்கட்டை முக்கி, அது உடைந்து விழுந்ததும் ஆள்காட்டி விரலால் துழாவி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கடவுள் சித்தம் என்பார். ஆண்டவர் கைவிட மாட்டார் என்று சொன்ன அதே மூச்சில், என் சேமநிதியில் வாரிசாக யாரைப் போட்டிருக்கிறேன் என்று கேட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. மனைவியைத்தான் போட்டிருக்கிறேன் என்றேன். நல்லது என்று சொல்லி விரலைச் சூப்பினார்.

சனிக்கிழமை நடந்ததைச் சொல்வதற்கு முன் அலுவலகத்திலிருந்த பிஸ்கட் டின்னைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்போது எங்கள் பத்திரிகை ஈய எழுத்துகளைக் கையால் கோத்துத்தான் அச்சானது. படம் போட வேண்டுமானால், மரக்கட்டையில் அறைந்த துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்ய வேண்டும். நகர நடுவே ஒரு சீனர் கடையில் செய்து கொடுத்தார்கள், இரண்டு நாள் பிடிக்கும். சில ஆண்டுகளுக்கு முன், எல்லாருக்கும் தெரிந்த வணிகர் ஒருவர் பிற்பகல் இறந்துபோக, மறுநாள் அவர் படம் இல்லாமல் பத்திரிகை வந்தது. குடும்பத்தார் வந்து கத்திவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஒரு விதி வந்தது. சமூகத்தில் தெரிந்தவர் யாராவது பிழைக்க மாட்டார் என்று செய்தி வந்தால் அப்போதே பிளாக் செய்து வைத்துவிட வேண்டும். பிளாக்குகள் பெயர் எழுதிய காகிதத்தில் சுற்றப்பட்டு, அச்சுக்கோக்கும் பகுதியின் அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் கிடக்கும். வேறு யாரும் அந்த டின்னைத் தொடமாட்டார்கள், அந்தப் பகுதிக்குத் தலைவரான ஃபோர்மேனும் நானும் மட்டும்தான்.

விதியை எழுதி ஒட்டியவன் நான். அதைப் பற்றி அப்போது பெருமையாகக்கூட இருந்தது. விருந்துகளில் வேடிக்கைக் கதையாகச் சொல்லியிருக்கிறேன், மச்சான் வீட்டில் ஒரு கிறிஸ்துமஸ் அன்றும் சொன்னேன். ஜவுளிக்கடை முதலாளி ஒருவரைக் காப்பிக் கடையில் பார்த்துக் கைகொடுத்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்திருக்கிறேன். அப்போது அவர் பிளாக் டின்னுக்கு வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. தேறிவிட்டதாக அவர் சொல்லச் சொல்ல, நான் அவர் மீசையைப் பார்த்து, நம் படத்தில் மீசை இதைவிடக் கறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அந்த ஜவுளிக்கடை முதலாளி இறந்த செய்தி வந்தது. ஃபோர்மேன் டீ வாங்கக் கீழே போயிருந்தார். நானே அலமாரியைத் திறந்து டின்னை எடுத்தேன். உள்ளே நான்கு பொட்டலங்கள். மேலே இருந்ததில், ஃபோர்மேனின் கையெழுத்தில் நீலப் பென்சிலால் என் பெயர்.

பிரித்தேன். தகடு புதியது, மை படாதது. வெளிச்சத்துக்குச் சாய்த்தால்தான் முகம் தெரிந்தது. பிளாக்கில் இடம் வலமாகத் திரும்பியிருக்கும் என்பதால், என் வகிடு தினமும் சவரக் கண்ணாடியில் நான் பார்க்கிற பக்கத்தில் இருந்தது. முதலில் எனக்குத் தோன்றியது வெட்டு சரியில்லை என்பதுதான். தலைக்கு மேல் இடம் விடவில்லை. ஒரு தோளின் ஓரத்தில் பக்கத்தில் நின்றவரின் உடையும் சேர்ந்து வந்திருந்தது. அரை விரல் அகலம், புள்ளி புள்ளியாக, சேலைக் கரை. கரையில் சின்னச் சின்ன மாங்காய்கள். அந்தச் சேலை எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது.

பிளாக்கைச் சுற்றியிருந்த காகிதம் எங்கள் கோயிலின் ஞாயிறு அறிவிப்புத்தாள். அதன் பின்பக்கத்தில் மச்சானின் உருண்டையான கையெழுத்து. இன்னார், வயது நாற்பத்தெட்டு, இறைவனில் இளைப்பாறினார். தேதிக்கு இடம் விட்டிருந்தார். நல்லடக்கம் புறப்படும் நேரத்துக்கும் இடம் விட்டிருந்தார். கீழே துயருறுவோர் பட்டியல். மைத்துனர் என்று தன் பெயரை முதலில் போட்டிருந்தார். பிறகு தன் மனைவி, தன் மூன்று பிள்ளைகள். அதற்குப் பிறகு என் மனைவி.

கையில் எப்போதும் இருக்கும் சிவப்புப் பேனாவைத் திறந்தேன். நாற்பத்தெட்டை அடித்து நாற்பத்தாறு என்று போட்டேன். மனைவியின் பெயரைச் சுற்றி வளையம் போட்டு மேலே அம்புக்குறி இட்டேன். ஒற்றுப்பிழை இரண்டைத் திருத்தினேன். தேதி இடத்தைத் தொடவில்லை. அந்தப் பத்து நிமிடம் எனக்குப் பயமும் இல்லை, குமட்டலும் இல்லை, வேலை ஓடியது. அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

ஃபோர்மேன் டீத் தட்டோடு வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தட்டை வைத்துவிட்டு என் கையிலிருந்ததைப் பார்த்தார். மறைக்கவோ மழுப்பவோ இல்லை.

"இது எப்ப வந்துச்சு அண்ணே?"

"நேத்து. புதங்கிழமை கொடுத்தோம், சொன்ன நாள்ல செஞ்சுட்டான்."

"இன்னும் ரிசல்ட் வரலயே."

"நீங்க போட்ட ரூல்தானே தம்பி. ஒங்க மச்சான் படத்தையும் எழுதுன தாளையும் கொண்டாந்து கையில கொடுத்தாரு. வேணாம்னா சொல்ல முடியும்?" டீயை என் பக்கம் தள்ளினார். "படம் நல்லா விழுந்திருக்கா பாருங்க."

"தலைக்கு மேல இடமே விடல. மூச்சு முட்டுது."

"அதான் நானும் நெனச்சேன்."

பிளாக்கைத் திரும்பச் சுற்றி அவர் டின்னில் வைத்தார். நான் தடுக்கவில்லை. ஜவுளிக்கடை முதலாளியின் பிளாக்கை எடுத்துக்கொண்டு பக்கத்தை முடிக்கப் போனோம். மீசை உண்மையிலேயே ரொம்பக் கறுப்பாகத்தான் விழுந்திருந்தது.

வீட்டுக்குப் போனபோது என் மனைவி சமையலறைத் தரையில் பேப்பர் விரித்து ஈக்கான் பிலிஸ் கிள்ளிக்கொண்டிருந்தாள். காய்ந்த நெத்திலியின் தலையைக் கிள்ளி, வயிற்றைப் பிளந்து, கறுப்பு நூல் போன்ற குடலை நகத்தால் வழித்துப் போடுகிற வேலை. பேப்பர் எங்களுடையதுதான். நிலைப்படியில் நின்றபடியே, அந்தப் படத்தை யார் எடுத்துக் கொடுத்தது என்று கேட்டேன்.

எந்தப் படம் என்றாள், நிமிராமல்.

"நீ மாங்காக் கரை சேலை கட்டிக்கிட்டு நிக்கிற படம்."

அவள் இன்னும் இரண்டு மூன்று மீன்களைக் கிள்ளிப் போட்டாள்.

"நாந்தான். அண்ணன் பாஸ்போர்ட் படம் கேட்டுச்சு. அதுல நீங்க திருடன் மாதிரி இருக்கீங்க. பேப்பர்ல அப்படி வர வேணாம்னு இதைக் கொடுத்தேன்."

"என்னன்னே இன்னும் தெரியாது. அதுக்குள்ளயா?"

"தெரிஞ்சப்புறம் எனக்குத் தேட முடியாதுங்க. கை நடுங்கும். இப்ப நடுங்கல, எடுத்துக் கொடுத்தேன்."

அவள் கையைப் பார்த்தேன். நடுங்கவில்லைதான். நகங்களுக்குள் கறுப்பாக இருந்தது, செதில் ஒட்டியிருந்தது. ஆறு நாளாக அவள் சாப்பிட்ட அளவை நான் கவனிக்கவில்லை என்பது அப்போது தெரிந்தது. என் தட்டு, என் சளி, என் மூச்சு என்றே இருந்துவிட்டேன். பட்டியலில் அவள் பெயர் எத்தனையாவது இடத்தில் இருந்தது என்று சொல்லவில்லை. உட்கார்ந்து நானும் கிள்ளினேன். அன்று இரவு சிகரெட் பற்றவைத்தபோது விரல்களில் மீன் நாற்றம். பாதியில் அணைத்தேன். அதுதான் கடைசி சிகரெட் என்று அப்போது முடிவு எதுவும் எடுக்கவில்லை.

ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. திங்கள் மாலை மச்சான் வழக்கம்போல் வந்தார். பாதரை அழைத்துவந்து அவஸ்தைப் பூசுதல் கொடுத்துவிடலாம் என்றார். சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசிக் கொடுக்கிற அந்தத் திருச்சடங்கை இப்போதெல்லாம் நோயாளிகள் யாரும் பெறலாமாம், பாதரே சொன்னாராம். முன்னேற்பாடு தப்பில்லை என்றார். நான் வேண்டாம் என்றேன். அவர் பிஸ்கட்டை எடுத்தார்.

"ஒங்க தாளைப் பாத்தேன் மச்சான். தங்கச்சி பேரு ஒங்க பேருக்கு மேல வரணும்."

பிஸ்கட் காப்பிக்கு மேலே நின்றது. நான் எப்படிப் பார்த்தேன் என்று அவர் கேட்கவில்லை. முகத்தில் வெட்கம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கொஞ்சம் புண்பட்டவர் போல இருந்தார்.

"ஆம்பள பேரை முதல்ல போடுறதுதான மாப்ள வழக்கம்."

"எங்க பேப்பர்ல மனைவிதான் முதல்ல."

"சரி. ஒங்க பேப்பர், ஒங்க இஷ்டம்" என்று முக்கினார். என் மரண அறிவிப்பை இருவரும் பேசி முடித்துவிட்டோம். என் மனைவி அவருக்கு இன்னொரு கோப்பை காப்பி ஊற்றினாள்.

புதன்கிழமை ஒன்பது இருபதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். அவள் வருகிறேன் என்றதற்கு, கூட்டமாக இருக்கும் என்று தட்டிவிட்டேன். உண்மையில் டாக்டர் சொல்லும்போது என் முகம் எப்படிப் போகும் என்று அவள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். காத்திருக்கும் கூடத்தில் எதிர் பெஞ்சிலிருந்த கிழவர், மூடி போட்ட காகிதக் கோப்பைக்குள் துப்பிவிட்டு மூடியைத் திறந்து பார்த்தார், மறுபடி மூடினார், மறுபடி திறந்து பார்த்தார். என்ன நிறம் என்று எட்டிப் பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது. பார்த்தேன். பச்சை.

பத்து ஐம்பதுக்கு என் எண் வந்தது. டாக்டர் விளக்குப் பெட்டியில் படங்களைச் செருகினார். என்னைக் குறுக்கே வெட்டி வைத்திருந்தது, இறைச்சிக் கடையில் எலும்போடு வெட்டிய துண்டுகள் மாதிரி. நடுவில் வெள்ளையாக முதுகெலும்பு. டாக்டர் என்னைப் பார்த்துப் பேசாமல் படத்தைப் பார்த்துப் பேசினார். புற்றுநோய் இல்லை. நிழலின் வடிவமும் அப்படிச் சொல்லவில்லை, வளர்த்துப் பார்க்க வைத்த சளியின் முடிவும் திங்கட்கிழமை வந்துவிட்டது, காசநோய். டிபி.

திங்கட்கிழமையே வந்துவிட்டதா என்று கேட்டேன். ஆமாம், கோப்பில் இருந்தது என்றார். திங்கட்கிழமை மாலை நான் மச்சானோடு பட்டியலின் வரிசையைப் பேசிக்கொண்டிருந்தேன்.

மருந்து தினமும் கிளினிக்குக்கு வந்து செவிலியர் முன்னால் விழுங்க வேண்டும், பல மாதங்கள். இரண்டு வாரம் விடுப்பு. அதற்குப் பிறகு வேலைக்குப் போகலாம், யாருக்கும் பயமில்லை. மனைவி ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வேண்டும். தட்டு, கோப்பை எதையும் பிரித்து வைக்க வேண்டியதில்லை என்று நான் கேட்காமலே சொன்னார். எல்லாரும் அதைத்தான் கேட்பார்களாம்.

வெளியே வந்ததும் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். பசி வந்தது. பொதுத் தொலைபேசியிலிருந்து அலுவலகத்துக்குச் சொன்னேன், ஃபோர்மேன் எடுத்தார். புற்றுநோய் இல்லை என்றதும் கர்த்தாவே என்றார். டிபி என்றதும், ஓ, என்றார். சிராங்கூன் ரோட்டில் இறங்கி நின்றுகொண்டே மூன்று தோசை சாப்பிட்டேன். இலையின் ஓரத்தில் ஈ உட்கார்ந்திருந்தது, விரட்டாமல் சாப்பிட்டேன். வீட்டில் சொன்னபோது என் மனைவி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அந்த ஒன்பது நாளில் அவள் அழுதது அதுதான் முதல் முறை. வெளியே வந்தபோது அவள் கை நடுங்கியது.

அன்று ஏழு மணிக்கு மச்சான் வந்தார். என் மனைவி முன்பே அவருக்குப் போனில் சொல்லியிருந்தாள். என் மனைவி கேட்டைத் திறக்கப் போனாள். வேண்டாம், அவசரமாகப் போகணும் என்று தாழ்வாரத்திலேயே நின்றார். இரும்புக் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள். கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். நெற்றியைத் துடைப்பது போலத் தொடங்கிப் பிறகு அங்கேயே வைத்துக்கொண்டார். நல்ல செய்தி, ஆண்டவருக்கு நன்றி என்றார். என் மனைவி காப்பியைக் கம்பிக்கு இடையில் நீட்டினாள். அவர் கை மேலே வரவில்லை.

"ஒண்ணும் நெனைக்காதீங்க மாப்ள. அந்த வியாதின்னா பக்கத்துல உக்காந்து பேசலாம். இது ஒட்டிக்கும் லா. வீட்ல பிள்ளைங்க இருக்கு."

ஒரு வாரமாக எங்கள் கோப்பைகளில் காப்பி குடித்தவர் அவர். என் மனைவி கோப்பையை உள்ளே இழுத்து, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, அவர் பார்க்க அவளே அந்தக் காப்பியைக் குடித்தாள். சூடாக இருந்தது, நிறுத்தாமல் குடித்தாள். மச்சான் ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று சொல்லி லிஃப்ட் பக்கம் போனார். பார்க்கவில்லை. அந்த இரண்டு வாரத்தில் ஓட்ஸ் டின்னோ திராட்சையோ கொண்டு யாரும் வரவில்லை. செபமாலை முடிவில் எனக்காக வைத்துவந்த வேண்டுதலையும் நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டோம். கூடத்தில் பதினோரு டின்கள் அடுக்கி இருந்தன. காலையில் ஓட்ஸ், இரவிலும் ஓட்ஸ். அதன் கொழகொழப்பை இப்போது நினைத்தாலும் வாய் கசக்கிறது.

என் மனைவியின் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை.

விடுப்பு முடிந்து அலுவலகம் போனது ஒரு வியாழக்கிழமை, மணி பத்து. எல்லாரும் நலம் விசாரித்தார்கள், இரண்டு மேசை தள்ளி நின்று. அச்சுக்கோக்கும் பகுதிக்குப் போய் டின்னைத் திறந்தேன். என் பொட்டலம் அதே இடத்தில் இருந்தது. ஏன் எடுக்கவில்லை என்று ஃபோர்மேனிடம் கேட்டேன்.

"வெளிய எடுக்குறதுக்கு ரூல் எதுவும் போடலயே தம்பி."

அது சரிதான். அந்த டின்னுக்குள் போன பிளாக் எதுவும் அச்சாகாமல் வெளியே வந்ததில்லை, அதனால் அதற்கு விதி எழுத எனக்குத் தோன்றியிருக்கவில்லை. பிளாக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மச்சானின் தாளை, என் சிவப்புத் திருத்தங்களோடு, நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டேன். டாக்டர் சொன்னதை, யாருக்கும் பயமில்லை என்பதை, ஃபோர்மேனிடம் விவரமாகச் சொன்னேன். கோப்பையைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். டாக்டருக்குத் தெரியாததா என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

மூன்று மணிக்கு டீத் தட்டு வந்தது. தட்டில் ஆறு கோப்பைகள். ஒன்றின் கைப்பிடியில், கோத்த பக்கங்கள் சிதறாமல் கட்டுகிற சணல் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.